ஒருபுறம் கதவு, மறுபுறம் ஜன்னல்

ஒரு பத்தி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டதால் இந்த உலகத்தில் இதுவரை ஒருவரும் உருப்பட்டதில்லை; இனி உருப்படப்போவதும் இல்லை. இந்த உண்மையைத் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தான். வாய் கொப்பளித்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்து, குடும்பத்துக்கு முறைப்படி அறிவித்தான். குடும்பம் என்றால் அம்மாவும் அக்காவும். அம்மா மெத்தைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். அக்கா தரையில் உட்கார்ந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். மனித அறிவின் வரலாறு ஒரு திருப்பத்தில் வந்து நிற்பதை இருவருமே கவனித்ததாகத் தெரியவில்லை.

"பல் தேய்ச்சிட்டியா?" என்றாள் அம்மா.

"தேய்ச்சாச்சு."

"அப்ப அந்த மூலையைப் பிடி."

தம்பி மெத்தையின் மூலையைப் பிடித்தான். பிடித்துக்கொண்டே தன் கண்டுபிடிப்பை விளக்கினான். புரிகிற எழுத்து தானாகப் புரியும். புரியாத எழுத்தை, அது எந்த வகைக் கட்டுமானம் என்று கண்டுபிடித்துவிட்டால் மட்டும் புரிந்துவிடுமா? மயக்க மருந்து கொடுக்கும்போது யாராவது, "டாக்டர், இந்த ஊசி வரிசை வகையா, காரண வகையா?" என்று கேட்டிருக்கிறார்களா?

"உறை திரும்பிப் போச்சு பாரு," என்றாள் அம்மா.

"தையல் உள்பக்கம் வரணும்," என்றாள் அக்கா, தாளிலிருந்து தலை தூக்காமல். "எப்படிக் கட்டியிருக்குன்னு பார்த்துட்டு மாட்டியிருந்தா இந்த வேலை மிச்சம்."

அந்த வீட்டில் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். அக்கா பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. தம்பி, கல்லூரியில் ‘கரும்புள்ளி’ என்ற சுவர்ப் பத்திரிகைக்கு ஆசிரியர். மாடிப்படித் திருப்பத்தில், தீயணைப்புக் குடுவைக்கும் கழிப்பறை அம்புக்குறிக்கும் நடுவில் அது ஒட்டப்படும். அந்தப் பக்கம் அவசரமாகப் போகிறவர்களும் நிதானமாகத் திரும்புகிறவர்களும் அதன் வாசகர்கள். ஒரே பெயர்தான், இரண்டு வேலை. அதில் ஒன்றுக்குத்தான் சம்பளம் என்பதை அம்மா அவ்வப்போது ஞாபகப்படுத்துவாள்.

அக்காவின் பள்ளியில் அந்த வருஷம் சோதனை முயற்சியாக ஒரு வாசிப்பு வகுப்பு ஒதுக்கியிருந்தார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த, ஆனால் வாசித்து முடித்ததும் என்ன வாசித்தோம் என்று சொல்லத் தெரியாத பிள்ளைகளுக்கானது. கதையைக் கொடுத்தால் அவர்கள் சொல்லிவிடுவார்கள். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, தேனீக்கூட்டில் யாருக்கு என்ன வேலை என்று ஒரு பக்கம் கொடுத்தால் முழிப்பார்கள்.

"கதை உன்னைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகும்," என்பாள் அக்கா. "பாடம் இழுக்காது. நீயாத்தான் உள்ள போகணும். அப்ப கதவு எந்தப் பக்கம்னு தெரிய வேண்டாமா?"

அவள் கணக்கில் கதவுகள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு கை அடையாளம் வைத்திருந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதைச் சொல்லும் பத்தி என்றால், விரல்களை மடக்கி, கை முட்டியின் மேல் கை முட்டி வைத்து ஏறிக்கொண்டே போக வேண்டும்; அது வரிசை. ஒரு கை மற்றக் கையைத் தள்ளினால் காரணமும் விளைவும். உள்ளங்கைகள் இரண்டும் தராசுத் தட்டுகள் போல ஏறி இறங்கினால் ஒப்பீடு. விரல்களைக் கோத்துப் பிறகு விடுவித்தால் சிக்கலும் தீர்வும். ஒரு கையை விரித்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் காட்டினால் வருணனை. பிள்ளைகள் பத்தியைப் படித்ததும் வாயைத் திறக்காமல் கையால் சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய வரப்பிரசாதம் ஒரு நையாண்டிக்காரனுக்குக் கிடைக்காது. கல்லூரி கேன்டீனில் தம்பி மேசை மேல் ஏறி நின்று இரண்டு உள்ளங்கைகளையும் ஏற்றி இறக்கி, டீயா காப்பியா என்று ஒப்பிடுவான். டீ ஆறிப்போனால் ஒரு கையால் மற்றக் கையைத் தள்ளி, "பால்காரர் தாமதம் காரணம், என் வாழ்க்கை விளைவு," என்பான். அவனுடைய கூட்டாளி ஒருவன் இருந்தான். யார் எதைச் சொன்னாலும் கீழே ஒரு வரி சேர்ப்பவன் என்பதால் அவன் பெயர் அடிக்குறிப்பு. அடிக்குறிப்பு விழுந்து விழுந்து சிரிப்பான். கேன்டீன்காரர் மட்டும், "போக்குவரத்தை அப்புறம் சரி பண்ணலாம், முதல்ல மேசையை விட்டு இறங்குப்பா," என்பார்.

கை அடையாளம் எதற்கு என்று அக்கா சொல்லாமல் இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். வகுப்பில் ஒரு பெண். ஆறாம் வகுப்பிலிருந்து எந்த ஆசிரியர் கேட்டும் வாய் திறந்தது கிடையாது. பிள்ளைகள் அவளுக்கு ‘மியூட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். டிவி ரிமோட்டில் சத்தத்தை நிறுத்துகிற பொத்தான்.

"அவளுக்குத் தெரியும்டா. தப்பாயிட்டா சிரிப்பாங்கன்னு பயம். கைன்னா பக்கத்துல இருக்கிறவனுக்குக்கூடத் தெரியாம மடியிலயே காட்டலாம் இல்ல? இன்னிக்கு அவ கையை மேசை மேல வெச்சே காட்டினா. எனக்கு மட்டும் தெரியற மாதிரி."

"சரியா காட்டினாளா?" என்றாள் அம்மா.

"கரெக்டா."

"வாயே திறக்காம பாஸ் பண்ணலாம்னா நானும் உன் வகுப்புல சேர்ந்துடறேன்," என்றான் தம்பி. அம்மா சிரித்தாள். அக்காவும் கொஞ்சம் சிரித்தாள். நல்ல வரி, அவன் அதைக் ‘கரும்புள்ளி’க்கு எடுத்து வைத்துக்கொண்டான்.

பருவம் முடியும் சமயம் தலைமையாசிரியை ஒரு புதன்கிழமை வகுப்பைப் பார்க்க வருவதாகச் சொன்னார். பிடித்திருந்தால் வாசிப்பு வகுப்பு நிலைக்கும். இல்லாவிட்டால் அந்த நேரம் கணக்கு சாருக்குப் போகும். கணக்கு சார் ஏற்கெனவே அந்த நேரத்தை ஒரு வாடகை வீட்டைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார், வராந்தாவில் போகும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து, "பெஞ்சு பத்துமா?" என்று கேட்பார்.

அக்காவுக்குத் தமிழில் தட்டச்சு வராது. அவள் ‘ழ’வைத் தேடி எடுப்பதற்குள் பள்ளி விட்டுவிடும். அவள் கையால் எழுதிய பத்திகளைத் தம்பிதான் தட்டச்சு செய்து கொடுப்பான். திங்கட்கிழமை அவள் கேட்டது கொஞ்சம் கூடுதல்.

"இந்த ஒரு தடவை நீயே ஒண்ணு எழுதிக் குடேன். புஸ்தகத்துல இருக்கிறதையெல்லாம் பசங்க பார்த்துட்டாங்க. ஒப்பீடு வேணும். சின்னதா, தெளிவா."

"எழுத்தாளனை வீட்டுலயே வெச்சுக்கிட்டு வெளியில எங்க போவ," என்றான் தம்பி.

"அதான். நீ எழுதினா பிழை இருக்காது."

செவ்வாய்க்கிழமை மதியம் கடைசி வகுப்புக்குப் போகாமல், நூலகத்தில் உட்கார்ந்து, சைக்கிளையும் பேருந்தையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதினான். பிழை இல்லை. உயிரும் இல்லை; ஆனால் அது கேட்கப்படவில்லை. எழுதி முடித்ததும்தான் கையில் அந்த நமைச்சல் வந்தது. அக்கா பிள்ளைகளிடம், கதவைக் கண்டுபிடிக்க இணைப்புச் சொற்களைப் பாருங்கள் என்பாள். ‘முதலில், பின், கடைசியில்’ இருந்தால் வரிசை. ‘அதனால்’ இருந்தால் காரணம். ‘ஒருபுறம், மறுபுறம், ஆனால்’ இருந்தால் ஒப்பீடு. அந்தச் சொற்கள் எல்லாம் இருந்து, அவற்றில் ஒன்றுகூட அந்த வேலையைச் செய்யாத ஒரு பத்தி இருந்தால்?

அது ஒரே மூச்சில் வந்தது:

"மூலைக் கடையின் ஒருபுறம் கதவு, மறுபுறம் ஜன்னல். முதலில் பாதியைக் கடைக்காரர் மரச்சாமானிலேயே போட்டிருக்கிறார். பின் சுவர் முழுவதும் அலமாரி. ஓரத்தில் ஒரு நீளக் கோல். அதனால் மேல்தட்டுப் பொருள்களை இறக்குகிறார். இரவு ஆனால் ஒரு விளக்கு எரியும். கடைசியில் ஒரு நாற்காலி."

தம்பி நாற்காலியில் சாய்ந்தான். ‘முதலில்’ என்றால் ஆரம்பத்தில் அல்ல. கடைக்காரர் போட்ட முதலில், மூலதனத்தில். ‘பின்’ என்றால் பிறகு அல்ல, பின்பக்கத்துச் சுவர். ‘அதனால்’ என்றால் அந்தக் கோலால். ‘ஆனால்’ என்றால் ஆகிவிட்டால். ‘கடைசியில்’ என்றால் கடையின் கோடியில். ஒரு கடை எப்படி இருக்கிறது என்று சொல்லும் வெறும் வருணனை. விரித்த கையும் தொடுகிற விரலும் போதும். ஆனால் ஐந்து கதவுக்காரர்கள் ஐந்து பக்கமும் ஓடி முட்டிக்கொள்வார்கள். அடிக்குறிப்பிடம் காட்டினான். அவன் இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல ‘போட்டிருக்கிறார்’னா சட்டையையும் போடலாம்," என்று கீழே ஒரு வரி சேர்த்தான்.

தம்பியின் திட்டம் எளியது. முதலில் இந்தக் கடையை அக்காவின் கைபேசிக்கு அனுப்புவது. அவள் பார்த்துவிட்டுக் கூப்பிட்டுத் திட்டுவாள். திட்டி முடித்ததும் சைக்கிளை அனுப்புவது. அனுப்பினான். கொஞ்ச நேரத்தில், "வந்துடுச்சு. தேங்க்ஸ்டா," என்று பதில் வந்தது. திட்டு வரவில்லை.

சாயங்காலம் அக்கா நகல் கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தாள். கையில் ரப்பர் வளையம் போட்ட காகிதக் கட்டு. அதைப் பையில் வைத்துவிட்டு, மறுநாளுக்கான உடுப்பை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். தம்பி வாசற்படியில் சாய்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் இல்லை. படித்திருக்கிறாள், என்று முடிவு செய்தான். படித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவனாக வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கிறாள். அக்கா அப்படிப்பட்டவள்தான், சின்ன வயதில் அவன் ஒளிந்துகொண்டால் தேடவே மாட்டாள், போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடுவாள். பசி தாங்காமல் அவன்தான் வெளியே வர வேண்டும். இந்தத் தடவை வரக்கூடாது. அவனும் முகத்தை வைத்துக்கொண்டு போய்ப் படுத்தான்.

புதன்கிழமை காலை அவன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

"டேய், அதுல எதைப் பத்தி எழுதியிருக்க? நான் பார்க்கவே இல்ல. கடையில கூட்டம், அப்படியே நகல் போடச் சொல்லிட்டேன். சரி, பஸ்ல பார்த்துக்கறேன்."

வாயில் நுரை இருந்தது. அது ஒரு காரணம். காரணம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி அதற்கு இல்லை. துப்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவன் கையை ஆட்டி ஏதோ காட்டினான். அது ஐந்தில் எதுவும் அல்ல. அக்கா, "சரி சரி, வரேன்," என்று ஓடினாள். வாய் கொப்பளித்து நிமிர்ந்தபோது பேருந்து திரும்பும் சத்தம் கேட்டது. கைபேசி அலமாரி மேல்தான் இருந்தது. எடுத்தான். அவள் பேருந்தில் அதைப் பிரித்துப் படிக்கும்போது முகம் எப்படி மாறும் என்று நினைத்தான். இப்போது கூப்பிட்டால் அந்த முகம் வீணாகிவிடும். கைபேசியைத் திரும்ப வைத்துவிட்டான்.

கல்லூரி வாசலில் அடிக்குறிப்பு கேட்டான்: "உங்க அக்கா என்னடா சொன்னாங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

"இன்னிக்குத்தானே அந்த மேடம் வராங்கன்னு சொன்ன? காலை பஸ்ல உக்காரவே இடம் இருக்காது. நின்னுக்கிட்டு எப்படிப் படிப்பாங்க?"

அதுவும் அவன் வழக்கமாகச் சேர்க்கும் ஒரு வரிதான். தம்பி நகல் கடைக்கு நடந்தான். பிறகு ஓடினான்.

சைக்கிளும் பேருந்தும் அச்சடித்த தாள்கள் இன்னும் சூடாக இருந்தன. பள்ளியின் பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்து, வராந்தாவில் வகுப்பைத் தேடிப் போனான். ஒருபுறம் கதவு, மூடியிருந்தது. மறுபுறம் ஜன்னல்; திறந்திருந்தது. அவன் ஜன்னலோரம் சுவரை ஒட்டி நின்றான்.

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை. கண்ணாடி மூக்கின் நுனியில் இருந்தது, கையில் அதே தாள். பிள்ளைகள் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கரும்பலகைக்குப் பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் தாள் இல்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள்.

"படிச்சாச்சா? கை காட்டலாம்," என்றாள்.

கைகள் எழுந்தன. முன் வரிசையில் ஒருவன் முட்டி மேல் முட்டி ஏறிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் இருந்தவன் அதைப் பார்த்து, தன் கையால் தள்ளுவதை நிறுத்திவிட்டுத் தானும் முட்டிக்கு வந்தான். ஒரு பெண் விரல்களைக் கோத்துக்கொண்டு பிரிக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். ஒருவன் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் செய்து பார்த்தான். தூரத்திலிருந்து பார்க்கத் துணி துவைப்பது போல இருந்தது. கேன்டீன் மேசை மேல் இதைவிட மோசமாக அவனே செய்திருக்கிறான். அப்போது எல்லோரும் சிரித்தார்கள். இப்போது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு கையும் அவன் வைத்த இடத்தில் சரியாகப் போய்த் தடுக்கிக்கொண்டிருந்தது.

அக்காவின் நெற்றி சுருங்கியது. ஒப்பீட்டுக்கு ஏன் இத்தனை முட்டிகள்?

நடு வரிசையில், சுவரோரம் இருந்த ஒரு பெண்ணின் உள்ளங்கைகள் மட்டும் தராசு போல ஏறி இறங்கின. மடியில் அல்ல, மேசை மேலும் அல்ல. நெஞ்சுக்கு நேரே, எல்லோருக்கும் தெரியும்படி. அக்கா அதைப் பார்த்தாள். முகம் முழுக்க வெளிச்சம் வந்தது.

"நீ சொல்லேன்மா. உக்காந்தே சொல்லலாம்."

அந்தப் பெண் எழுந்தே நின்றாள். பெஞ்சு கிறீச்சிட்டது. வகுப்பு மொத்தமும் திரும்பியது. மியூட் எழுந்து நிற்பதை அவர்கள் பார்த்ததில்லை.

"ஒப்பீடு," என்றாள். குரல் சின்னதாக இருந்தாலும் ஜன்னல் வரை கேட்டது. "ஒருபுறம், மறுபுறம்னு போட்டிருக்கு. அப்புறம்... ‘ஆனால்’ இருக்கு."

"சரி," என்றார் தலைமையாசிரியை பின்னாலிருந்து, கனிவாகத்தான். "எதை எதோட ஒப்பிடறாங்க?"

அந்தப் பெண் தாளைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். "கதவை... ஜன்னலோட."

யாரோ ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு வகுப்பே சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. கதவை ஜன்னலோடு ஒப்பிடுவது சிரிப்பாகத்தான் இருந்தது. அது சிரிப்பாக இருக்க வேண்டும் என்றுதான் நூலகத்தில் ஒருவன் உட்கார்ந்து எழுதினான். அந்தப் பெண்ணின் கைகள் நெஞ்சிலிருந்து மேசைக்கு வந்தன. மேசையிலிருந்து மடிக்குப் போயின. அவள் உட்கார்ந்தாள்.

"சிரிக்காதீங்க," என்று சொல்லிக்கொண்டே அக்கா முன்வரிசைப் பையனின் தாளை வாங்கிப் படித்தாள். ஏழே வாக்கியங்கள். அவற்றை வாசிக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. எந்த வாக்கியத்தில் அவளுக்குப் புரிந்தது என்பதை ஜன்னலில் நின்றவன் பார்த்தான். ‘கோல்’ வந்த இடம்.

"இது வருணனை இல்லையா?" என்றார் தலைமையாசிரியை. "ஒவ்வொரு வார்த்தையும் பிள்ளைங்களை விழ வைக்கவே பொறுக்கி வெச்ச மாதிரி இருக்கு. நீங்க தயாரிச்சதா?"

இப்போது உள்ளே போகலாம். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. அவன் கையில் சரியான தாள்கள் இருந்தன. அவன் போகவில்லை.

"என்னோட தப்பு மேடம்," என்றாள் அக்கா. "நான் படிச்சுப் பார்க்காம குடுத்துட்டேன்."

"பார்க்காமலா? அப்ப எழுதினது யாரு?"

அக்கா தாளை நான்காக மடித்தாள். "என் வகுப்புல குடுத்தது நான்தான் மேடம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள விளக்கம் எழுதிக் குடுங்க. அதைப் பார்த்துட்டு இந்த நேரத்தை என்ன பண்றதுன்னு சொல்றேன்."

வராந்தாவின் மறுகோடியில் கணக்கு சார் வந்துகொண்டிருந்தார். தம்பி வந்த வழியே திரும்பினான். தாள்கள் ஆறிப்போயிருந்தன.

அன்று மாலை அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் பதிலுக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லியிருப்பான், அவள் தலையணையை எறிந்திருப்பாள், விஷயம் முடிந்திருக்கும். அவள் உடுப்பை மாற்றிக்கொண்டு, அடுப்படியில் வெங்காயம் வெட்ட உட்கார்ந்தாள். அம்மா கேட்டதற்கு, "சுமாரா போச்சும்மா," என்றாள். "அந்தப் பொண்ணு?" என்று அம்மா கேட்டாள். "மதியத்துக்கு மேல வீட்டுக்குப் போயிட்டா. தலைவலின்னு சீட்டுல எழுதிக் காட்டினா."

அம்மா துணி எடுக்க மாடிக்குப் போகும்வரை தம்பி காத்திருந்தான்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளு. நான் முதல்ல சைக்கிளைப் பத்திதான் எழுதினேன். அப்புறம் சும்மா இன்னொண்ணு வந்துச்சு. அதை உனக்கு அனுப்பிச்சேன். அப்புறம் நீ கட்டோட வந்துட்ட. அப்புறம் காலையில பஸ் வந்துடுச்சு. கடைசில இப்படி ஆயிடுச்சு."

அக்கா கத்தியைப் பலகை மேல் வைத்தாள். ஈரக் கைகளைத் துடைக்காமல், ஒரு முட்டியை வைத்தாள். அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் மறுபடி முதலாவது. மூக்குவரை ஏறியதும் நிறுத்தினாள்.

"என்ன, கிண்டலா?" என்றான்.

"அதெல்லாம் உனக்குத்தான் வரும். கேட்டேன், கை தானா போயிடுச்சு. பழக்கம்." கத்தியை எடுத்தாள். "தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கற."

வியாழக்கிழமை அவன் கல்லூரிக்குப் போகவில்லை. தலைமையாசிரியைக்குத் தானே ஒரு கடிதம் எழுதுவது என்று முடிவு செய்திருந்தான். எழுதியும் விட்டான்; அவன் எழுதியவற்றிலேயே கண்ணியமானது அதுதான். பள்ளிக்கு வந்து, தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். ஒரு முறை படித்துப் பார்க்கலாம் என்று பிரித்து மடியில் வைத்தான்.

"முதலில், வகுப்புக்கென்று ஒரு பத்தி எழுதப்பட்டது. பிறகு அது கைபேசி வழியாக அனுப்பப்பட்டது. அதன்பின் நகல்கள் எடுக்கப்பட்டன. இறுதியில், அது வகுப்பில் வழங்கப்பட்டபோது எதிர்பாராத சில குழப்பங்கள் நேர்ந்தன. வருந்துகிறேன்."

பிழை இல்லை. நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் எங்கோ இடறியது. மறுபடி படித்தான். இரண்டாவது வாக்கியத்தில் அவன் வலது கை முட்டி தானாகத் தொடையை விட்டு எழுந்து இடது கை முட்டியின் மேல் உட்கார்ந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. ‘அதன்பின்’னுக்கு இடது முட்டி மேலே போனது. ‘இறுதியில்’லுக்கு மறுபடி வலது. மோவாய்க்குக் கீழே இரண்டு முட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றபோதுதான் அவற்றைப் பார்த்தான். எழுதப்பட்டது, அனுப்பப்பட்டது, எடுக்கப்பட்டன, நேர்ந்தன. எல்லாம் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக நடந்திருந்தது. எதையும் யாரும் செய்திருக்கவில்லை. அடுப்படியில் அவன் பேசியதும் இதுதான். மூலைக் கடையைப் போலவே இதுவும் வேறு கதவின் சொற்களை மாட்டிக்கொண்டு நிற்கிற பத்தி. அதை வேடிக்கைக்குச் செய்தான், இதை ஒளிந்துகொள்ளச் செய்தான்.

தாளைத் திருப்பி, முழங்காலில் வைத்து, மறுபக்கத்தில் எழுதினான்.

"அந்தப் பத்தியை எழுதியது நான், உங்கள் ஆசிரியை அல்ல. அவர் ஒப்பீடு கேட்டார். பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள் என்று தெரிந்தே அந்தச் சொற்களைப் பொறுக்கி வைத்தேன், ஏனென்றால் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை என்பது புதன்கிழமை காலையிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் வேடிக்கை கெட்டுவிடும். அதனால் பயந்து பயந்து எழுந்து நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து வகுப்பே சிரித்தது. அவள் சொன்னது தப்பல்ல. அவளுக்குக் கற்றுக்கொடுத்த சொற்களை நான் கெடுத்து வைத்திருந்தேன்."

‘அதனால்’ வந்த இடத்தில் பேனா நின்றது. இந்த ‘அதனால்’ கோலால் அல்ல என்று உறுதி செய்துகொண்டு மேலே போனான்.

வராந்தாவில் தப் தப் என்று சத்தம் கேட்டது. தூண் பக்கத்தில் அந்தப் பெண் டஸ்டரைச் சுவரில் தட்டிச் சுண்ணப்பொடியை உதறிக்கொண்டிருந்தாள். அவனை அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவனுக்குத்தான் அவளைத் தெரியும். ஏதாவது சொல்ல வாயெடுத்தான். வாய்க்கு வந்தது நல்ல வரி. கொஞ்சம் சிரிப்புக்கூட வரும். அதை விழுங்கினான். அவள் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் தாளுக்குத் திரும்பினான். இப்போது இது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது; உள்ளே பேச்சு முடியப்போகிறது. முதல் வரியிலிருந்து உதடு அசைய மெதுவாகப் படித்தான். தாள் முழங்காலில் இருந்தது. இடது கை, நெஞ்சுக்கு நேரே, வலது கையைத் தள்ளியது. அடுத்த ‘ஏனென்றால்’ வந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி தள்ளியது.

டஸ்டர் சத்தம் நின்றிருந்தது. அவள் தூண் பக்கத்திலிருந்து அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைக் கேலி செய்கிறானா என்பது போல, முகத்தை இறுக்கிக்கொண்டு. அவன் அதைப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு வாக்கியங்கள் பாக்கி இருந்தன.

"யாருப்பா வெளியில? உள்ள வாங்க," என்று குரல் கேட்டது.

"இதோ மேடம்," என்றான் தம்பி. கடைசி வாக்கியத்துக்கு ஒரு முறை, இடது கை வலது கையைத் தள்ளியது.